முடி கொட்டுது, தைராய்டு பாருங்க

கள்ளக்குறிச்சியில் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் காலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வாசகம் காதில் விழும்: “முடி கொட்டுது, தைராய்டு பாருங்க.” டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் உண்டு; பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் பார்க்கப்படுவது டி.எஸ்.எச். ஒன்றுதான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு சோர்ந்தால் பிட்யூட்டரி அதை அதிகமாக அனுப்பும், எண் ஏறும். ஏறவில்லை என்றால் தைராய்டு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

பொய்த்துப்போவது ஒரு சிலருக்கு. சிறுவயதில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, பிழைத்து, இப்போது பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தால், முடி கொட்டுவதன் காரணம் கண்டுபிடிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இதை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர் கள்ளக்குறிச்சியில் பல்லாண்டுகளாக ஆய்வக நுட்புநராக இருக்கும் ஒரு பெண்மணி. கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அவர் ‘லேப் அக்கா’. தன் பெயர் வேண்டாம் என்கிறார். தன்னிடம் ரத்தம் கொடுத்த பிள்ளைகளின் ஊரும் வயதும் அடையாளம் தெரியும்படி இருக்கக் கூடாது என்கிறார். இங்கும் அவர் லேப் அக்காவாகவே இருக்கட்டும்.

அவர் டி.எம்.எல்.டி. முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊர். தனி மாவட்டமாக ஆனது 2019 நவம்பரில்தான். அந்தக் காலத்தில் ஹார்மோன் பரிசோதனை என்றால் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, ஐஸ் கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, சேலத்துக்கோ சென்னைக்கோ பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். நாள்கள் கழித்துத்தான் ரிப்போர்ட் வரும். ரத்தத்தில் இம்மியளவே இருக்கும் ஹார்மோனை அளக்க முடியும் என்று 1950களின் கடைசியில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் காட்டினார்கள். கதிரியக்கத்தை வைத்து அளக்கும் முறை அது. 1972இல் பெர்சன் இறந்துவிட்டதால், 1977இல் அவர்கள் இருவரில் யாலோவுக்கு மட்டுமே நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிறகு கதிரியக்கம் வேண்டாத எலிசா முறை வந்தது. இப்போது ஒளியை வைத்து அளக்கும் கெமிலுமினசென்ஸ் கருவிகள் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் எண்ணைத் தந்துவிடுகின்றன. எண் சீக்கிரம் வருகிறது, அந்த எண் யாருடையது என்ற விவரம்தான் சீட்டில் வருவதில்லை என்பது லேப் அக்காவின் ஆதங்கம்.

மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளிடம் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு என்று மேலே ஊர்கள்; அதிலும் உள்ளே தள்ளி மரவள்ளியும் சாமையும் விளையும் சிற்றூர்கள். வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். அவர்களின் வாழ்நிலை குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. மலையில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றோ மூளையில் கட்டி என்றோ தெரியவந்தால், புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ வேலூருக்கோ போகத்தான் வேண்டும். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1960இலேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய இடம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் செலவில் பெரும்பங்கைத் தாங்கினாலும், அப்பா அம்மாவில் ஒருவர் வேலையை விட்டுக் குழந்தையோடு நகரத்தில் கிடக்க வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து குழந்தையோடு மலையேறும்போது கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். அந்த ஃபைலைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

முதலில் முடி.

நம் தலையில் இருக்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எப்போதும் வளர்பருவத்தில் இருக்கும். முடியின் வேரில் செல்கள் மிக வேகமாகப் பெருகுகின்றன. கீமோ மருந்துகளில் பல, வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் அடிக்கும். புற்று எது, முடிவேர் எது என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் மருந்து ஏற்றத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் தலையணை முழுக்க முடியாகிவிடுகிறது. வேர் செத்துப்போவதில்லை. மருந்து நின்றதும் மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்ப முளைக்கிறது. சில பிள்ளைகளுக்கு முன்பு இல்லாத சுருட்டையோடு வரும், சிலருக்கு நிறம்கூட மாறும். வீட்டில் எல்லோரும் அத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

அப்படி முளைக்கிற முடி மெலிதாக இருந்தால் அடுத்து நடப்பது மொட்டை. குலதெய்வக் கோயிலில் ஒன்று, பிறகு வீட்டிலேயே இரண்டு மூன்று. மழிக்க மழிக்க அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கை மலையிலும் உண்டு, அடிவாரத்திலும் உண்டு. மழிப்பது தோலுக்கு மேலே நடக்கிற காரியம். முடியின் கனத்தையும் எண்ணிக்கையையும் தீர்மானிக்கும் வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. வெட்டுப்பட்ட நுனி மொண்ணையாக இருப்பதால் தடவும்போது கனமாகத் தோன்றும், அவ்வளவுதான். நேர்த்திக்கடனுக்கு மொட்டை அடிப்பதை லேப் அக்கா ஒருநாளும் தடுத்ததில்லை. மொட்டையை மருந்தாக நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைத்தான் அவர் தடுக்கிறார்.

முடி முழுதாக முளைத்து, பல ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டு, பதின்வயதில் திரும்பக் கொட்ட ஆரம்பிப்பது வேறு கதை. அதைக் கீமோவின் மேல் போட முடியாது. அங்கேதான் ஹார்மோன் உள்ளே வருகிறது.

லேப் அக்காவுக்கு இது உறைத்தது ஒரு பெண்ணின் ரத்தத்தால். மலையூர்ப் பெண், மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சீட்டில் ‘முடி உதிர்வு, டி.எஸ்.எச்.’ என்று மட்டும் இருந்தது. எண் 2.1 வந்தது. சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்கலாம் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிப்போர்ட் வாங்க வந்த அம்மாவோடு அவளும் வந்திருந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள். பின்னந்தலையில் வழவழவென்று ஓர் இடம் துப்பட்டாவுக்குள் மறைந்திருந்தது. புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்துக்கொண்டிருந்தார்களாம். புருவத்தின் வெளி ஓரமும் உதிர்ந்திருந்தது. வயதுக்குப் பொருந்தாத குட்டை. வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

“இவளுக்குச் சின்ன வயசுல ஏதாச்சும் பெரிய வைத்தியம் பண்ணீங்களா?” என்று கேட்டார்.

அம்மா கொஞ்சம் தயங்கினார். “தலையில கட்டிக்கா. ஆபரேசன் பண்ணி, அப்புறம் கரண்ட் வச்சாங்க. அதெல்லாம் நல்லாயிடுச்சு. பத்து வருசத்துக்கு மேல ஆச்சு.”

கதிர்வீச்சு சிகிச்சையைத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். சிறுமூளைப் பக்கம் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டிக்கு வழக்கமான சிகிச்சை, மூளை முழுவதுக்கும் முதுகுத்தண்டுக்கும் 23.4 கிரே (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு அது; சிலருக்கு 36 கிரே), பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூட்டி மொத்தம் 54 கிரே வரை கதிர்வீச்சு கொடுப்பது. முடிவேருக்கு ஏறத்தாழ 43 கிரே போனால் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பின்னந்தலையில் அவளுக்கு இருந்த வழுக்கை அப்படி வந்தது. வெங்காயமோ தைலமோ அதை மாற்றாது.

மற்ற இடங்களில் முடி மெலிந்ததற்குக் காரணம் வேறு. தலைக்குப் போன கதிர்வீச்சு, பிட்யூட்டரியையும் அதற்கு மேலே இருந்து உத்தரவிடும் ஹைபோதலாமஸையும் தொட்டிருக்கிறது. அதன் சேதம் உடனே தெரியாது. ஆண்டுகள் கழித்து, பத்தாண்டு கழித்தும்கூட வரும். முதலில் அடிபடுவது வளர்ச்சி ஹார்மோன். 18 கிரே அளவிலேயே குறையத் தொடங்கலாம். 30 கிரேக்கு மேல் போனால் தைராய்டை ஏவும் டி.எஸ்.எச்., அட்ரீனலை ஏவும் ஏ.சி.டி.எச்., பருவமடைதலை நடத்தும் ஹார்மோன்கள் எல்லாமே ஆபத்தில்.

டி.எஸ்.எச். பொய் சொல்வது இங்கேதான். தைராய்டு சுரப்பது குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்ட வேண்டும். பிட்யூட்டரியே அடிபட்டிருந்தால் யார் கூட்டுவது? எண் 2.1 என்று அமைதியாக நிற்கும். உடம்பில் தைராய்டு ஹார்மோன் வற்றிக்கொண்டிருக்கும். தைராய்டு ஹார்மோன் முடியின் வளர்பருவத்தை நீட்டிப் பிடித்து வைக்கிறது. அது குறைந்தால் முடிகள் கூட்டம் கூட்டமாக ஓய்வுப் பருவத்துக்குள் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்கின்றன. மிஞ்சுவது காய்ந்து நாராக இருக்கும். இதைப் பிடிக்க வேண்டுமானால் ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பி விடுகிற ஹார்மோனில், புரதத்தில் ஒட்டாமல் ரத்தத்தில் தனியாகத் திரியும் பகுதி அது.

ஆய்வக நுட்புநர் தானாக ஒரு பரிசோதனையைக் கூட்டிப் பார்க்க முடியாது. லேப் அக்கா சீட்டு எழுதிய டாக்டருக்குப் போன் செய்து, பிள்ளைக்குத் தலையில் கரண்ட் வைத்திருக்கிறார்கள் என்ற விவரத்தைச் சொன்னார். டாக்டர் உடனே ஃப்ரீ டி4 பார்க்கச் சொன்னார். சீரத்தை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்ததால் இன்னொரு ஊசி தேவைப்படவில்லை. 0.8க்கு மேல் இருக்க வேண்டிய ஃப்ரீ டி4, 0.5 இருந்தது.

தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினை உடனே தொடங்கிவிட முடியாது. இது லேப் அக்கா இளையவர்களுக்கு அழுத்திச் சொல்லிக்கொடுக்கும் இடம். பிட்யூட்டரி அடிபட்ட உடம்பில், அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனும் குறைவாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைராக்சின் கொடுத்தால் உடம்பு இருக்கிற கொஞ்ச கார்டிசாலையும் வேகமாகச் செலவழித்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவே கார்டிசால் முதலில், தைராக்சின் அப்புறம். கார்டிசால் விடியற்காலையை ஒட்டி உச்சத்தில் இருந்து பிறகு இறங்கும் ஹார்மோன் என்பதால், காலை 8 மணி அளவில் ரத்தம் எடுத்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். மதியம் எடுத்து, குறைவாக இருக்கிறது என்று பயந்து என்ன பயன்?

மேலே உள் ஊரில் இருக்கிற பெண் காலை 8 மணிக்குக் கள்ளக்குறிச்சியில் இருக்க வேண்டும் என்றால் முதல் நாளே இறங்கியாக வேண்டும். கச்சிராயபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் காலை வந்தார்கள். சரி, மேலேயே எடுத்து அனுப்பினால் என்ன என்று கேட்பார்கள். ரத்தம் அரை மணி நேரம் உறைந்து, மையவிலக்குக் கருவியில் சுற்றி, சீரம் தனியாகப் பிரிந்த பிறகு அனுப்பினால் பிரச்சினை இல்லை. பிரிக்காத ரத்தத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கி இறக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து சீரமே சிவந்துவிடும். அப்படி வந்த குழாய்களைத் திருப்பி அனுப்பும்போது அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தடவை ஊசி என்பது மனத்தை அறுக்கும் என்கிறார் லேப் அக்கா.

அந்தப் பெண்ணுக்குக் கார்டிசால் போதுமான அளவு இருந்தது. தைராக்சின் தொடங்கப்பட்டது: தினமும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. முதலில் குளிர் விட்டது. பிறகு வகுப்பில் தூங்கி விழுவது நின்றது. முடிக்குத்தான் அவசரம் தெரியாது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிற சரக்கு அது. ஆறு மாதம் போல ஆனது கண்ணுக்குத் தெரிய. பின்னந்தலையில் மட்டும் வரவில்லை. வராது என்று முன்பே சொல்லியிருந்ததால் அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பின்னலை அந்தப் பக்கம் இறக்கிப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். எது திரும்பும், எது திரும்பாது என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்வது மருந்துக்குச் சமமான உதவி.

குட்டையாக இருப்பதற்கும் ரத்தம் பாருங்கள் என்று சிலர் கேட்பதுண்டு. வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க விட்டுவிட்டுச் சுரப்பது. ஒரு தடவை எடுத்த ரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லை என்று வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. குளோனிடின் போன்ற மாத்திரை கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் பல தடவை ரத்தம் எடுத்துத்தான் தீர்மானிப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய காரியம். காசு வாங்கிக்கொண்டு ஒற்றை எண்ணைக் கொடுப்பதில் அவருக்கு உடன்பாடில்லை.

ரத்தப் புற்றுநோய் வந்து மீண்ட ஒரு பையனின் விஷயத்தில் எண்ணே ஏமாற்றியது. முடி மெலிகிறது என்று வந்தான். டி.எஸ்.எச். மிகக் குறைவு, ஃப்ரீ டி4 அதிகம். எண்ணை அப்படியே படித்தால் தைராய்டு தாறுமாறாகச் சுரக்கிறது என்று அர்த்தம். ஆனால் பையனுக்குப் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை குறையவில்லை. “என்ன மாத்திரை சாப்பிடுறப்பா?” என்று கேட்டார். முடி வளர மெடிக்கலில் கொடுத்த மாத்திரை என்று அட்டையை எடுத்துக் காட்டினான்: பயோட்டின், 10,000 மைக்ரோகிராம்.

ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் 30 மைக்ரோகிராம். சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் இருப்பது அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. உடம்புக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லாமல் இருக்கலாம். பரிசோதனைக்குக் கெடுதல் உண்டு. ஹார்மோன் அளக்கும் கருவிகள் பலவற்றில், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் குணத்தை வைத்துத்தான் அளவே நடக்கிறது. ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் மிதந்தால், பிடிக்க வேண்டியதைப் பிடிக்க விடாமல் அது இடத்தை அடைத்துக்கொள்கிறது. டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 இருப்பதைவிட அதிகமாகவும் காட்டும். 2017இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை இதே காரணத்தால் குறைவாகக் காட்டி ஒருவர் இறந்ததும் அதில் பதிவாகியிருந்தது.

பையனை ஒரு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். திரும்ப எடுத்தபோது தைராய்டு எண்கள் இரண்டும் சரியாக இருந்தன. கீமோவில் மீண்ட பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இரட்டை ஆபத்து. உண்மையிலேயே ஃப்ரீ டி4 குறைந்திருக்கும் பிள்ளை பயோட்டின் சாப்பிட்டுவிட்டு வந்தால், எண் உயர்ந்து ‘நார்மல்’ ஆகிவிடும், நோய் மறைந்துகொள்ளும். இப்போது ரத்தம் எடுக்கும் முன் லேப் அக்கா கேட்கும் முதல் கேள்வி, சாப்பிட்டு வந்தீர்களா என்பது. இரண்டாவது, முடிக்கு மாத்திரை போடுகிறீர்களா என்பது.

பையனுக்கு முடி மெலிந்ததற்குக் காரணம் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, மிகக் குறைந்திருந்ததுதான். இதுவும் பார்த்துப் படிக்க வேண்டிய எண். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். கீமோ காலத்தில் பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்ட பிள்ளைகளுக்கு நிஜமாகவே அளவுக்கு மீறி ஏறியிருக்கலாம். அப்படித் தேங்கும் இரும்பு பிட்யூட்டரியிலும் படிந்து ஹார்மோன்களைக் கெடுக்கும். முடி கொட்டுகிறது என்றதும் எல்லோருக்கும் இரும்புச் சத்து டானிக் எழுதுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

ஆண்பிள்ளைகளுக்கு வேறொரு முடிக் கவலை உண்டு. தலையில் அல்ல, மூக்குக்குக் கீழே. ரத்தப் புற்றுநோய் சில பையன்களுக்கு விதைப்பையில் ஒளிந்திருந்து திரும்ப வரும். அங்கே 24 கிரே அளவுக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். டெஸ்டோஸ்டிரான் சுரக்கும் செல்கள் அதோடு சோர்ந்துபோகலாம். கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் மீசை அரும்பும்போது இவனுக்கு அரும்பாது. இந்தப் பரிசோதனைக்கும் காலை ரத்தம்தான் வேண்டும். டெஸ்டோஸ்டிரான் காலையில் உச்சத்தில் இருக்கும். குறைவு என்று உறுதியானால் ஊசி போடுவார்கள், மீசை தாடி வரும். குடும்பத்தில் அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ வழுக்கை இருந்தால் சில ஆண்டுகளில் முன்நெற்றி ஏறவும் ஆரம்பிக்கலாம். ஒரே ஹார்மோன் முகத்தில் முடியைத் தடிக்க வைக்கிறது, உச்சந்தலையில் மெலிய வைக்கிறது. அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் இதைக் காட்டினார்: பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை, டெஸ்டோஸ்டிரான் கொடுத்தால், குடும்பத்தில் வழுக்கை இருப்பவர்களுக்கு விழத் தொடங்குகிறது. ஊசி போட்டுத்தான் முடி போகிறது என்று பயந்து நிறுத்தும் இளைஞர்களை லேப் அக்கா பார்த்திருக்கிறார். எலும்புக்கும் தசைக்கும் அந்த ஹார்மோன் வேண்டும். நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லி அனுப்புவார்.

பெண்பிள்ளைகளின் ரிப்போர்ட்டில்தான் அவருக்கு மனம் அதிகம் கனக்கும். சைக்ளோஃபாஸ்ஃபமைட், பியூசல்ஃபான் போன்ற மருந்துகள் அதிக அளவில் போயிருந்தால் சினைப்பை வற்றிப்போகலாம். இருபது வயதுகூட ஆகாத பெண்ணுக்கு, சினைப்பையை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச்., மாதவிலக்கு நின்ற பெண்களின் அளவுக்கு ஏறியிருக்கும். மாதவிலக்கு தள்ளிப்போகும், முடி மெலியும், இரவில் உடம்பு எரியும். எலும்பும் இதயமும் கெடாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டிய நிலை. பியூசல்ஃபான் கொடுத்து எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களில் சிலருக்கு முடி மெலிவு நிரந்தரமாகவே தங்கிவிடும். அங்கே எந்த ஹார்மோனாலும் ஆகப்போவது கொஞ்சம்தான், நல்ல விக் உதவும்.

இந்த ரிப்போர்ட்டை வாங்க அந்தப் பெண்ணே வருவதில்லை. சித்தப்பா வருவார், மாமா வருவார், சில சமயம் பெண் பார்க்கவிருக்கும் வீட்டுக்குத் தெரிந்தவரும் வருவார். “எல்லாம் நல்லாத்தானே இருக்கு, சொல்லுங்கக்கா” என்பார்கள். லேப் அக்கா அந்தக் கவரை அவர்கள் கையில் கொடுக்க மாட்டார். பெண்ணிடமோ அவளுடைய டாக்டரிடமோதான் போகும். சிறுவயதில் புற்றுநோய் வந்தது என்ற செய்தி ஊரில் தெரிந்தாலே சம்பந்தம் தட்டிப்போகும் இடத்தில், ஒரு எண் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடும். இதில் அவர் ஒருபோதும் இறங்கி வந்ததில்லை. கூடத்தில் சத்தம் போட்டவர்களிடமும் இறங்கி வந்ததில்லை.

இப்போது அந்த ஃபைல்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1991இலேயே, சிகிச்சை முடிந்த குழந்தைகளை ஆண்டுதோறும் வரவழைத்துப் பார்க்கத் தனி கிளினிக் தொடங்கினார்கள். குணமானவர்களே சேர்ந்து 2009இல் ‘உகம்’ என்ற அமைப்பை இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ் உருவாக்கினார்கள். அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு, யாருக்கு எந்தக் கதிர்வீச்சு எவ்வளவு போனது என்பதை வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் பார்க்கச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே தாள்: என்ன நோய், எந்த மருந்து எவ்வளவு, எங்கே எத்தனை கிரே, எப்போது முடிந்தது என்ற சிகிச்சைச் சுருக்கம்.

அடையாறு உட்பட இந்திய மையங்களில் 1980களின் நடுவில் தொடங்கிய எம்.சி.பி. 841 சிகிச்சை முறையில், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கும் தலைக்குக் கதிர்வீச்சு உண்டு. அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். இப்போது பல சிகிச்சை முறைகளில் அதைக் குறைத்துவிட்டார்கள், அல்லது விட்டேவிட்டார்கள். அப்போது சிகிச்சை பெற்றவர்கள் இன்று முப்பதும் நாற்பதும் கடந்தவர்கள். முடி கொட்டுகிறது என்று வரும் முப்பத்தைந்து வயதுக்காரர் சிறுவயதுச் சிகிச்சையைத் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால்தான் வரும்.

அந்த ஃபைல் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. மழையில் நனைந்து ஒட்டிப்போயிருக்கிறது, அல்லது நோயையே மறந்துவிட வேண்டும் என்று எரித்திருக்கிறார்கள். லேப் அக்கா சொல்வது எளிது. முழு ஃபைல் வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளையும் கதிர்வீச்சு விவரத் தாளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த ரத்தக் கூடத்துக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். தொலைந்துபோயிருந்தால் சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். அவரே மலையிலிருந்து வரும் சீட்டுகளின் ஓரத்தில், டாக்டர் பார்க்கும்படி, ‘சிறுவயதில் கீமோ’, ‘தலையில் கதிர்வீச்சு’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறார்.

பின்னல் போட்ட அந்தப் பெண்ணின் மாத்திரை விஷயத்தில் அந்தக் குறிப்பு ஒருமுறை கைகொடுத்தது. தைராக்சின் தொடங்கிச் சில மாதம் கழித்து, வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது, வேறொரு இடத்தில் ரத்தம் பார்த்தாள். டி.எஸ்.எச். 0.05. மாத்திரை அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறைத்துக்கொள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கழுத்துத் தைராய்டு கெட்டவர்களுக்கு அந்த வாதம் சரி. பிட்யூட்டரி கெட்டவர்களுக்கு, மாத்திரை சரியாகக் கிடைத்தாலே டி.எஸ்.எச். இப்படி அடிமட்டத்துக்குப் போகும். அளவை முடிவு செய்ய ஃப்ரீ டி4தான் பார்க்க வேண்டும். குறைத்த இரண்டே மாதத்தில் குளிரும் சோர்வும் திரும்பின. சீப்பில் முடியும் திரும்பியது. விடுமுறைக்கு வந்தவள் பழைய சீட்டின் படத்தைப் போனில் காட்டினாள். ஓரத்தில் சிவப்பு மை இருந்தது. டாக்டர் பழைய அளவுக்கே மாத்திரையை ஏற்றிவிட்டு, புதுச் சீட்டில் தன் கையாலேயே எழுதினார்: ஆறு வாரம் கழித்து ஃப்ரீ டி4 மட்டும், காலையில், மாத்திரை போடுவதற்கு முன்.